ஸ்பின் திரவம் தேடுவோருக்கு எம்.பி.எம்.எஸ்.3 ஸ்குயிட் காந்தமானி: எதை நம்பலாம், எங்கே கவனம் தேவை

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குவாண்டம் ஸ்பின் திரவம் என்பது, அணுக்களின் சிறு காந்தங்களான ஸ்பின்கள் எவ்வளவு குளிர்த்தாலும் ஓர் ஒழுங்கில் உறையாத நிலை. ஒரு பொருள் அது அல்ல என்று காட்ட, மீக்கடத்தி உணரியால் மிக நுண்ணிய காந்தத்தையும் அளக்கும் இந்த ஸ்குயிட் காந்தமானியைவிட வேகமான கருவி இல்லை. ஸ்பின் திரவம்தான் என்று நிரூபிக்க இதனால் முடியாது. வேறெந்தக் காந்தமானியாலும் முடியாது. இதைப் புரிந்துகொண்டு வாங்குகிறவர்களுக்குக் குவாண்டம் டிசைன் நிறுவனத்தின் எம்.பி.எம்.எஸ்.3 அருமையான கருவி. திரையில் வரும் எண்ணை அப்படியே எடுத்துத் தாளில் போடுகிறவர்களுக்கு இது ஆபத்தானதும்கூட. அது வெகு நேர்த்தியான வரைபடத்தைத் தரும்; அந்த நேர்த்தியே பிழையை மறைத்துவிடும்.

பொதுவான காந்தப் பொருட்களுக்கு இந்தக் கருவி எப்படி என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இங்கே பார்ப்பது ஒரே ஒரு வேலைக்கு மட்டும்: ஹெர்பர்ட்ஸ்மிதைட், ஆல்ஃபா ருத்தேனியம் டிரைகுளோரைடு, இட்டெர்பியம் மெக்னீசியம் காலியம் ஆக்ஸைடு போன்ற, ஸ்பின் திரவமாக இருக்கலாம் என்று கருதப்படும் பொருட்களின் காந்த நடத்தையை அளப்பதற்கு.

இந்த வேலை ஏன் தனி ரகம்? முக்கோணத்தின் மூன்று முனையிலும் ஒவ்வொரு ஸ்பின் இருந்து, பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நிற்க வேண்டும் என்றால், மூன்றையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாது. இந்தப் பிணக்கால் ஸ்பின்கள் ஒழுங்குக்கு வராமல், தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகிலும் குவாண்டம் அலைவில் இருந்துகொண்டே இருக்கலாம் என்று 1973-இல் இயற்பியலாளர் ஆண்டர்சன் முன்வைத்தார். 2006-இல் கிட்டேவ் தேன்கூடு அமைப்பில் சரியாகத் தீர்க்கக்கூடிய ஒரு கோட்பாட்டு மாதிரியைக் கொடுத்தார். அளப்பவருக்கு இதன் பொருள் எளிமையானது: இங்கே தேடுவது ஓர் 'இல்லாமை'. உச்சம் இல்லை, முறிவு இல்லை, குளிர்த்த வழியைப் பொறுத்த பிரிவு இல்லை என்று காட்ட வேண்டும். இல்லாமையைக் காட்டுவதற்குப் பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும். அதனால் கருவியின் ஒவ்வொரு சிறு குறையும் இங்கே பெரிதாகத் தெரியும்.

கருவியில் இருப்பது

மீக்கடத்திக் காந்தம் 7 டெஸ்லா வரை போகும். வெப்பநிலை 1.8 முதல் 400 கெல்வின் வரை. மாதிரி இறங்கும் குழாயின் உள்விட்டம் 9 மில்லிமீட்டர். மாதிரியை மெதுவாக ஏற்றி இறக்கி அளக்கும் டி.சி. ஸ்கேன் ஒரு வழி. மையத்தில் வைத்து அதிரச் செய்து அளக்கும் வி.எஸ்.எம். முறை இன்னொரு வழி. குறைந்த புலத்தில் வி.எஸ்.எம். முறையின் இரைச்சல் 10⁻⁸ இ.எம்.யூ. (காந்தத் திருப்புத்திறனின் அலகு) என்ற அளவில் நிற்கும். புலம் கூடக்கூட அதுவும் கூடும். காந்தப் புலம் நொடிக்கு 700 ஆர்ஸ்டெட் வரை ஏறும், அதாவது சுழியிலிருந்து 7 டெஸ்லாவுக்கு 100 நொடி. தனியாக வாங்க வேண்டியவற்றில் மாறுதிசைப் புல அளவீடு 0.1 ஹெர்ட்ஸ் முதல் 1 கிலோஹெர்ட்ஸ் வரை. ஹீலியம்-3 இணைப்பு வெப்பநிலையை 0.4 முதல் 0.5 கெல்வின் அருகே கொண்டுபோகும்.

இந்த உணர்திறன் போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹெர்பர்ட்ஸ்மிதைட்டின் மூலக்கூறு நிறை ஏறக்குறைய 429 கிராம். அதில் மூன்று தாமிர அயனிகள். 20 மில்லிகிராம் தூள் எடுத்தால் சுமார் 140 மைக்ரோமோல் தாமிரம். அறை வெப்பநிலையில் ஒரு மோல் தாமிரத்துக்கு ஏற்புத்திறன் (கொடுத்த புலத்துக்குப் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற விகிதம்) 7.5 × 10⁻⁴ இ.எம்.யூ. என்று வைத்தால், 1 டெஸ்லாவில் கிடைக்கும் காந்தத் திருப்புத்திறன் 10⁻³ இ.எம்.யூ. இரைச்சலைவிடப் பல ஆயிரம் மடங்கு. உணர்திறனைப் பற்றிய கவலையே வேண்டாம். தொல்லை வேறு பக்கத்திலிருந்து வரும்.

ஒரு மைக்ரோகிராம் இரும்பு நிறைவு நிலையில் 2.2 × 10⁻⁴ இ.எம்.யூ. தரும். மேலே சொன்ன 20 மில்லிகிராம் மாதிரி 1000 ஆர்ஸ்டெட் புலத்தில் தருவது 10⁻⁴ இ.எம்.யூ.தான். எஃகு ஸ்பேட்டுலாவின் நுனியிலிருந்து உதிர்ந்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் நிறைவுற்றுவிட்டால், பொருளின் சொந்தக் குரலைவிட இரு மடங்கு உரத்துப் பேசும். எனவே பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கருவிகள் மட்டும். படிகத்தை எஃகு பிளேடால் வெட்டியிருந்தால் வெட்டிய முகத்தை நீர்த்த அமிலத்தில் கழுவ முடியுமா என்று பார்க்க வேண்டும். பொருள் அமிலத்தைத் தாங்காது என்றால் அந்த ஓரத்தையே நீக்க வேண்டும். எவ்வளவு கவனமாக இருந்தாலும், 300 கெல்வினில் 1, 2, 3, 5, 7 டெஸ்லா என ஐந்து புலங்களில் அளந்து, ஏற்புத்திறனைப் புலத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்து, முடிவிலாப் புலத்துக்கு நீட்டிப் பார்க்க வேண்டும். கோடு சாய்ந்திருந்தால் ஃபெர்ரோ காந்த அசுத்தம் இருக்கிறது. வெட்டும் புள்ளிதான் உண்மையான ஏற்புத்திறன். பத்து நிமிட வேலை. இது இல்லாமல் வெளியாகும் வரைபடங்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

மாதிரியைப் பொருத்துவது

கருவியோடு வரும் ஹோல்டர்கள் இரண்டு வகை: குவார்ட்ஸ் தண்டு, பித்தளை அரைக்குழாய். இரண்டுமே தரமானவை. நீளம் முழுக்க ஒரே சீராக இருப்பதால், உணர்சுருளுக்குள் நகரும்போது அவற்றின் சொந்தச் சமிக்ஞை பெரும்பாலும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அந்தச் சீரைக் கெடுப்பது நாம் ஒட்டும் பசை, டேப், காப்ஸ்யூல். எனவே எதை ஒட்டினாலும் மிகக் குறைவாக. தட்டையான படிகத்தைக் குவார்ட்ஸ் தண்டில் நேராக ஒட்டலாம். தூளுக்குப் பிளாஸ்டிக் காப்ஸ்யூல்.

காப்ஸ்யூலில் ஒரு சின்ன ஊசித்துளை போடாமல் இறக்கவே கூடாது. உள்ளே அடைபட்ட காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் குளிரும்போது உறைந்து, 50 கெல்வினுக்கு அருகே ஒரு மேடு காட்டும். திட ஆக்ஸிஜனுக்கு 43.8 கெல்வினில் ஒரு நிலைமாற்றம் உண்டு. ஸ்பின் திரவம் தேடுகிற வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு மேடு தெரிந்தால் 'குறுந்தூர ஒழுங்கு' என்று விளக்கம் எழுதத் தோன்றும். மாதிரி அறையை 300 கெல்வினில் மூன்று முறையாவது ஹீலியத்தால் கழுவிவிட்டு இறங்க வேண்டும். மேடு அப்படியும் இருந்தால், அறையைச் சூடாக்கி மறுபடியும் கழுவி அளந்து பாருங்கள். மேட்டின் உயரம் மாறினால் அது பொருளுடையது அல்ல.

தூளைப் பற்றி இன்னொன்று. ஒற்றைப் படிகத்தில் திசைக்குத் திசை ஏற்புத்திறன் மாறும் பொருட்களில், தளர்வாகக் கிடக்கும் தூள் துகள்கள் 7 டெஸ்லாவில் புலத்தின் பக்கம் திரும்பிக்கொள்ளும். பிறகு அளப்பது தூள் சராசரி அல்ல. ஐகோசேன் மெழுகை உருக்கி ஊற்றினால் துகள்கள் அசையாது. 37 டிகிரி செல்சியஸ் அருகிலேயே உருகுவதால் பொருளுக்குச் சேதமில்லை. மெழுகின் டயா காந்தப் பங்கை, அதாவது புலத்துக்கு எதிராக எழும் சிறு காந்தத்தை, கழிக்க அதன் எடையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆல்ஃபா ருத்தேனியம் டிரைகுளோரைடுக்கு இந்தப் பகுதி முழுவதையும் தனியாக எழுத வேண்டும். இது கிட்டேவ் மாதிரிக்கு மிக நெருக்கமாக நிற்கும் பொருட்களில் ஒன்று. தேன்கூடு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாக மென்மையாக அடுக்கப்பட்டிருக்கும், சீட்டுக்கட்டு மாதிரி. நல்ல படிகம் 7 கெல்வினில் ஒரே ஒரு நிலைமாற்றத்தைக் காட்டும். அடுக்குகள் இடம் பிசகியிருந்தால் 10 முதல் 14 கெல்வின் வரை கூடுதல் முறிவுகள் வரும். அந்தப் பிசகு வளர்ப்பில் மட்டும் வருவதல்ல. இடுக்கியால் வளைத்தால் வரும். பிளேடால் வெட்டினால் வரும். வார்னிஷ் தடவி ஒட்டி, காய்ந்து, குளிரும்போது சுருங்கி இழுத்தாலும் வரும். தூளாக அரைத்து வில்லையாக அழுத்தினால் நிச்சயம் வரும். அதனால் இந்தக் கருவியின் மிகப் பயனுள்ள வேலையே இங்கேதான் தொடங்குகிறது: அடுக்குத் தளத்துக்கு இணையான 1 டெஸ்லா புலத்தில் 2 முதல் 20 கெல்வின் வரை ஒரு சுற்று. இருபது நிமிடத்தில் படிகம் தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். 14 கெல்வினில் சிறு தோள் தெரிந்தாலும், அந்தப் படிகத்தை வெப்பக் கடத்தல் அளவீட்டுக்கு அனுப்புவதில் பொருளில்லை.

ஒட்டாமலும் இருக்க முடியாது என்பதுதான் சங்கடம். தளத்துக்குள் ஏற்புத்திறன் தளத்துக்குச் செங்குத்தானதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே செங்குத்துப் புலத்தில் படிகம் தானாகவே சாய்ந்து திரும்பப் பார்க்கும். சில டிகிரி சாய்ந்தால்கூடத் தளத்துக்குள் இருக்கும் பெரிய சமிக்ஞை கசிந்து, செங்குத்து அளவீட்டைக் கெடுக்கும். நடைமுறையில் ஒத்துவரும் வழி: செங்குத்து அளவீட்டுக்குப் படிகத்தின் ஒரு மூலையில் மட்டும் ஒரு பொட்டு வார்னிஷ் வைத்து, மேலே மெல்லிய குவார்ட்ஸ் தகட்டை லேசாக அணைத்து வைப்பது. முழு முகத்தையும் பூசி ஒட்டக் கூடாது. கூடவே 150 கெல்வின் அருகே இந்தப் பொருளுக்குக் கட்டமைப்பு மாற்றம் உண்டு. குளிர்க்கும் வழியும் சூடாக்கும் வழியும் ஒன்றல்ல. அந்த இடத்தை நிமிடத்துக்கு 1 அல்லது 2 கெல்வின் வேகத்தில் கடப்பது நல்லது. கருவியால் மிக வேகமாகக் குளிர்க்க முடியும் என்பதற்காக வேகமாகக் குளிர்க்க வேண்டியதில்லை.

புலம் சுழி என்று காட்டும்போது சுழியா?

இல்லை. மென்பொருள் காட்டும் புலம் காந்தச் சுருளில் ஓடும் மின்னோட்டத்திலிருந்து கணக்கிட்டது; மாதிரி இருக்கும் இடத்தில் அளந்தது அல்ல. 7 டெஸ்லா வரை போய்த் திரும்பிய சுருளில் காந்தப் பாயம் சிக்கிக்கொள்ளும். திரையில் சுழி என்று இருக்கும்போது மாதிரியின் மேல் சில பத்து ஆர்ஸ்டெட் புலம் இருக்கும். நேர்ப் புலத்திலிருந்து இறங்கி வந்தால் அந்த எச்சம் எதிர்த்திசையில் இருக்கும்.

இதன் விளைவைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், சுத்தமான பல்லேடியத்தை வைத்து 7 டெஸ்லா வரை ஏற்றி இறக்கி, சுழிக்கு அருகே உள்ள பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல்லேடியம் பாரா காந்தம். அதற்குத் தயக்க வளையம் இருக்கக் கூடாது. ஆனால் ஒரு மெல்லிய வளையம் தெரியும், அதுவும் தலைகீழாக: இறங்கும் வளைவு ஏறும் வளைவுக்குக் கீழே கிடக்கும். எந்த உண்மையான ஃபெர்ரோ காந்தமும் இப்படி நடக்காது. முழுக்கச் சுருளின் எச்சப் புலம்தான்.

ஸ்பின் திரவ வேலையில் இது எங்கே கடிக்கும் என்றால், புலமின்றிக் குளிர்த்தும் புலத்தோடு குளிர்த்தும் ஒப்பிடும் அளவீட்டில். 100 ஆர்ஸ்டெட் என்று நினைத்து அளப்பது உண்மையில் 75 ஆக இருந்தால் ஏற்புத்திறன் 25 சதவீதம் குறைவாக வரும். 'புலமின்றி' என்று நினைத்துக் குளிர்த்தது உண்மையில் எதிர்ப்புலத்தில் குளிர்த்ததாக இருக்கும். ஸ்பின் கண்ணாடியா (ஸ்பின்கள் தாறுமாறாக உறைந்த நிலை) திரவமா என்று தீர்மானிக்கும் அளவீடே கெட்டுவிடும். பெரிய புலத்திலிருந்து இறங்கும்போது நேராகச் சுழிக்கு வராமல், ஊசலாட்ட முறையில் இறக்கினால் எச்சம் வெகுவாகக் குறையும். அதற்குப் பிறகும் பல்லேடியத்தை வைத்து உண்மையான புலத்தை அளந்து அட்டவணையாக வைத்துக்கொள்ள வேண்டும். 298 கெல்வினில் அதன் ஏற்புத்திறன் கிராமுக்கு 5.25 × 10⁻⁶ இ.எம்.யூ. இன்னும் எளிய வழி, குறைந்த புல அளவீடுகள் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டுப் பெரிய புலத்துக்குப் போவது. வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டால் பாதித் தலைவலி இல்லை.

க்யூரி-வைஸ் பொருத்தம்: அதிகம் தவறு நடக்கும் இடம்

க்யூரி-வைஸ் விதிப்படி, உயர் வெப்பநிலையில் ஏற்புத்திறனின் தலைகீழ் வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறும்; அந்தக் கோடு வெப்பநிலை அச்சை வெட்டும் இடமே வைஸ் வெப்பநிலை, ஸ்பின்களுக்கு இடையே உள்ள விசையின் அளவுகோல். அதைப் பொருத்துவதில் வரும் தவறு கருவியின் குறை அல்ல. ஆனால் கருவியின் வெப்பநிலை எல்லையோடு நேரடியாகத் தொடர்புடையது.

ஹெர்பர்ட்ஸ்மிதைட்டில் ஏற்புத்திறனின் தலைகீழை 200 முதல் 300 கெல்வின் வரை நேர்கோட்டில் பொருத்தினால், வைஸ் வெப்பநிலை சுமார் மைனஸ் 300 கெல்வின் என்று வரும். ககோமே தளத்தில் (முனைகளில் இணைந்த முக்கோணங்களின் வலை) ஒவ்வொரு ஸ்பினுக்கும் நான்கு அண்டை, ஸ்பின் அரை. எனவே பக்கத்து ஸ்பின்களுக்கு இடையிலான பரிமாற்ற ஆற்றலும் வைஸ் வெப்பநிலையும் அளவில் சமமாக இருக்க வேண்டும். ஆனால் உயர் வெப்பநிலைத் தொடர் விரிவாக்கத்தோடு பொருத்தினால் பரிமாற்ற ஆற்றல் 170 முதல் 190 கெல்வின் என்றுதான் வருகிறது. ஏன் இந்த முரண்? க்யூரி-வைஸ் விதி செல்லுபடியாவது வெப்பநிலை பரிமாற்ற ஆற்றலைவிட வெகு அதிகமாக இருக்கும்போது. 300 கெல்வின் இங்கே உயர் வெப்பநிலையே அல்ல. கருவியின் எல்லை 400. சூளை இணைப்பு 1000 கெல்வின் வரை போகும் என்றாலும், ஹைட்ராக்சைடு உப்பு அந்தச் சூட்டைத் தாங்காது, சிதைந்துவிடும். ஆகவே இந்தப் பொருளுக்கு நேர்கோட்டுப் பொருத்தத்தைக் கைவிட்டுத் தொடர் விரிவாக்கத்தைப் பயன்படுத்துவதே முறை.

டயா காந்தத் திருத்தத்தையும் விட்டுவிடக் கூடாது. பாஸ்கல் மாறிலிகளைக் கூட்டினால், ஒரு வாய்பாட்டு அலகுக்கு மைனஸ் 167 × 10⁻⁶ இ.எம்.யூ., அதாவது ஒரு தாமிரத்துக்கு மைனஸ் 56 × 10⁻⁶. அறை வெப்பநிலை ஏற்புத்திறனில் 7 சதவீதத்துக்கு மேல். இதைக் கழிக்காமல் பொருத்தினால் வைஸ் வெப்பநிலை நேரடியாக நகர்ந்துவிடும்.

இட்டெர்பியம் சார்ந்த பொருட்களில் பிழை எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. 2015-இல் பரவலாகப் பேசப்பட்ட இட்டெர்பியம் மெக்னீசியம் காலியம் ஆக்ஸைடை எடுத்துக்கொள்வோம். இட்டெர்பியம் அயனியின் முழுத் திருப்புத்திறன் 4.54 போர் மேக்னெட்டான். சுற்றியுள்ள அயனிகளின் மின்புலமான படிகப் புலம் அதன் ஆற்றல் நிலைகளைப் பிரித்து, முதல் கிளர்வு நிலையைச் சுமார் 38 மில்லி எலக்ட்ரான்-வோல்ட் உயரத்தில் வைக்கிறது. வெப்பநிலைக் கணக்கில் ஏறக்குறைய 440 கெல்வின். 100 கெல்வினுக்கு மேல் பொருத்தினால் நாம் பார்ப்பது படிகப் புல நிலைகள் நிரம்பும் கதை. அதில் வரும் பெரிய எதிர்ம வைஸ் வெப்பநிலைக்கும் ஸ்பின்களுக்கு இடையே உள்ள விசைக்கும் சம்பந்தமில்லை. உண்மையான மதிப்பு மைனஸ் 4 கெல்வின் அளவில்தான். அதைப் பெற 20 கெல்வினுக்குக் கீழே, படிகப் புலத்தின் மேல்நிலைகளால் வரும் வான் வ்ளெக் பங்கைக் கழித்துவிட்டுப் பொருத்த வேண்டும். அப்போது திருப்புத்திறன் 2.8 போர் மேக்னெட்டான் அருகே வரும்; ஜி-காரணி (ஸ்பின்னின் காந்த வலிமையைக் குறிக்கும் எண்) தளத்துக்குள் 3.06, செங்குத்தாக 3.72 என்பதோடு அது ஒத்துப்போகும். பிணக்கு அளவுகோல் என்று வைஸ் வெப்பநிலையை ஒழுங்கு வெப்பநிலையால் வகுத்துப் பெரிய எண்ணாகக் காட்டும் கட்டுரைகளைப் படிக்கும்போது, எந்த வெப்பநிலை வீச்சில் பொருத்தினார்கள் என்பதை முதலில் தேடுங்கள்.

அந்த வான் வ்ளெக் பங்கை எப்படிப் பெறுவது? குறைந்த வெப்பநிலையில் ஸ்பின்கள் முழுதும் நிறைவடைந்த பிறகும் மிச்சமிருக்கும் நேர்கோட்டுச் சாய்வுதான் அது. இந்தப் பொருளில் அந்த நேர்கோட்டைத் தெளிவாகப் பார்க்க 10 டெஸ்லாவைத் தாண்ட வேண்டும். நம்மிடம் 7 டெஸ்லாதான். வளைவு இன்னும் முழுதாக வளைந்து முடியாத இடத்தில் சாய்வை எடுத்தால் கழிப்பது அதிகமாகிவிடும்.

குறைந்த வெப்பநிலை வால்

ஹெர்பர்ட்ஸ்மிதைட்டை 1.8 கெல்வினுக்குக் குளிர்த்தால் ஏற்புத்திறன் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். ககோமே தளத்தின் சொந்த நடத்தை அது அல்ல. அடுக்குகளுக்கு நடுவே துத்தநாகம் இருக்க வேண்டிய இடங்களில் 15 சதவீதம் அளவுக்குத் தாமிரம் உட்கார்ந்திருக்கிறது. அந்த அநாதை ஸ்பின்கள்தான் வாலை உண்டாக்குகின்றன. ஆக்ஸிஜன்-17 என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) பெயர்ச்சியைப் பார்த்தால் கதை நேர்மாறு: தளத்தின் உள்ளார்ந்த ஏற்புத்திறன் ஓர் உச்சத்தைக் கடந்து, குளிரக் குளிர இறங்குகிறது. காந்தமானி எல்லாத் திருப்புத்திறன்களையும் கூட்டிக் கொடுக்கும். எது யாருடையது என்று பிரித்துச் சொல்லாது.

ஆனால் அநாதை ஸ்பின்கள் எத்தனை என்று எண்ண இந்தக் கருவி மிகப் பொருத்தம். 1.8 கெல்வினில் 7 டெஸ்லா வரை காந்தமாக்க வளைவை எடுங்கள். ஜி-காரணி 2.2 என்றால், தனித்த அரை ஸ்பின் 1 டெஸ்லாவில் நிறைவின் 39 சதவீதத்தையும், 7 டெஸ்லாவில் 99 சதவீதத்தையும் எட்டிவிடும். தளத்தின் பங்கு அந்த வீச்சில் ஏறக்குறைய நேர்கோடு. வளைந்த பகுதியையும் நேர்ப்பகுதியையும் பிரித்தால் எண்ணிக்கை கிடைத்துவிடும். அநாதை ஸ்பின்களுக்குள்ளும் கெல்வின் அளவில் பலவீனமான விசை உண்டு. ஆகவே வளைவு தனித்த ஸ்பினின் வளைவை அப்படியே பின்பற்றாது. வெப்பநிலையை ஒரு சிறிய நகர்வோடு பொருத்தினால் நெருங்கி வரும். தொகுப்புக்குத் தொகுப்பு இந்த எண் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது, ஒற்றை அளவீட்டைவிட அதிகம் சொல்லும்.

கரிமப் பொருட்களில் கை நடுங்கும் வேலை. காப்பா கட்டமைப்புள்ள தாமிர சயனைடு உப்பில், 2003-இல் 32 மில்லிகெல்வின் வரை ஒழுங்கு இல்லை என்று காட்டப்பட்டதே, அதன் ஸ்பின் ஏற்புத்திறன் மோலுக்கு 5 × 10⁻⁴ இ.எம்.யூ. அளவு. அதன் உள்ளக டயா காந்தமும் கிட்டத்தட்ட அதே அளவு, எதிர்க் குறியில். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மொத்தச் சமிக்ஞை சுழியைக் கடக்கும். சுழிக்கு அருகே மென்பொருளின் தானியங்கி மையப்படுத்தல் வழி தவறிவிடும். மையம் தவறினால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. பெரிய சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் மையத்தைக் கண்டுபிடித்து, அதைப் பூட்டி வைத்து அளக்க வேண்டும். காலி ஹோல்டரை அதே புலம், அதே வெப்பநிலைகளில் அளந்து, இறுதி எண்களைக் கழிக்காமல் மூல மின்னழுத்த வளைவுகளைப் புள்ளிக்குப் புள்ளி கழித்துவிட்டு அதன் பிறகு பொருத்த வேண்டும். வி.எஸ்.எம். முறையில் சமிக்ஞை வீச்சின் இருமடிக்கு ஏற்ப வளரும். வீச்சை 2 மில்லிமீட்டரிலிருந்து 4 ஆக்கினால் நான்கு மடங்கு. மாதிரி சிறியது என்றால் அந்த வசதியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இத்தனையும் செய்தாலும், இந்த உப்பில் 6 கெல்வினுக்குக் கீழே ஸ்பின் ஏற்புத்திறன் சரிவதை 2021-இல் தெளிவாகக் காட்டியது எலக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வுதான். பழுதுகளின் வால் அதை மொத்த அளவீட்டில் மூடிவிடும்.

எங்கே போதாது

ஆல்ஃபா ருத்தேனியம் டிரைகுளோரைடில் கோணல்மாணல் (ஜிக்ஜாக்) காந்த ஒழுங்கைக் குலைக்கத் தளத்துக்குள் 7 முதல் 8 டெஸ்லா தேவை. கருவி நிற்கும் இடமோ சரியாக 7. கதவு வரைக்கும் கூட்டிப்போய் விட்டுவிடுகிற மாதிரி. இந்தப் பொருளையும் இட்டெர்பியம் பொருட்களையும் முக்கியமாகக் கொண்ட ஆய்வகத்துக்கு 14 அல்லது 16 டெஸ்லா காந்தத்தோடு கூடிய சாதாரண வி.எஸ்.எம். அதிகப் பயன் தரும். உணர்திறன் குறைந்தாலும் பரவாயில்லை, இந்தப் பொருட்களின் சமிக்ஞை பெரியது.

ஹீலியம்-3 இணைப்பை வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. இட்டெர்பியம் மெக்னீசியம் காலியம் ஆக்ஸைடில் மாறுதிசை ஏற்புத்திறன் 0.1 கெல்வின் அருகே உச்சம் காட்டி, அந்த உச்சம் அதிர்வெண்ணோடு நகர்கிறது என்று 2018-இல் வெளியானது. மெக்னீசியமும் காலியமும் ஒரே இடத்தைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கின்மையால் வந்த கண்ணாடி நிலை இது என்ற வாதத்துக்கு அதுவே அடிப்படை. சோடியம் பேரியம் கோபால்ட் பாஸ்பேட் 148 மில்லிகெல்வினில் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. இரண்டையும் 0.4 கெல்வினில் நிற்கும் கருவி 'ஒழுங்கு இல்லை' என்றே காட்டும். பரிமாற்ற ஆற்றல் சில கெல்வின் மட்டுமே உள்ள பொருட்களுக்கு மில்லிகெல்வினுக்கு இறங்கும் நீர்த்தல் குளிர்ப்பான் இல்லாமல் முடிவு சொல்லக் கூடாது. பரிமாற்ற ஆற்றல் பத்துகளிலும் நூறுகளிலும் உள்ள தாமிர, இரிடியப் பொருட்களுக்கோ 1.8-இலிருந்து 0.4-க்கு இறங்குவது நிஜமான ஆதாயம், அங்கே வாங்கலாம்.

மாறுதிசைப் புல வசதியை மட்டும் யோசிக்காமல் சேர்த்து வாங்குங்கள். 0.1 ஹெர்ட்ஸ் முதல் 1 கிலோஹெர்ட்ஸ் வரை நான்கு பத்துமடிப்புகள்; ஸ்பின்கள் உறைந்து கண்ணாடியாவது 1.8 கெல்வினுக்கு மேல் நடந்தால் உச்சம் நகர்வதைத் தெளிவாகக் காட்டிவிடும். ஸ்பின் திரவம் என்று விண்ணப்பிக்கும் பொருட்களில் பாதியை இந்த ஒரு சோதனையே வெளியே அனுப்பிவிடும்.

வாங்கும்போது கூடவே எழுதிப் போட வேண்டியவை: குறைந்தது பத்துக் குவார்ட்ஸ் தண்டுகள் (உடையும், உடைந்துகொண்டே இருக்கும்), 0.01 மில்லிகிராம் வரை நம்பக்கூடிய தராசு, தனியாகப் பூட்டி வைத்த பல்லேடியம் மாதிரி. அந்தத் தராசில் 1 மில்லிகிராம் படிகத்தை எடை போட்டாலே எடையில் ஒரு சதவீதப் பிழை வந்துவிடும். மெல்லிய தட்டைப் படிகம் அச்சிலிருந்து விலகி உட்கார்ந்தால், உருளை வடிவப் பல்லேடியத்தை வைத்துச் செய்த அளவுத்திருத்தம் மேலும் சில சதவீதம் தவறும். இரண்டாம் தசமத்தை நம்பித் தாளில் எழுதுவதற்கு முன், அதே படிகத்தைக் கழற்றி, மறுபடி ஒட்டி, இன்னொரு முறை அளந்து பாருங்கள்.